விட்டு விட்டுப் போடும் கோடு

டில்லியில் யாரிடம் வேண்டுமானாலும் வழி கேட்கலாம். தெரியாது என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். பான் கடைக்காரர், வேர்க்கடலை வண்டிக்காரர், ஸ்டார்ட் ஆகாத ஸ்கூட்டரைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருப்பவர் என்று எல்லோருமே கையை நீட்டிவிடுவார்கள். "பஸ், சீதே ஜாவோ ஜி, சாம்னே ஹீ ஹை." நேரே போனால் எதிரிலேயே வந்துவிடுமாம். போய்ப் பார்த்தால் எதிரில் ஒரு மண்ணும் இருக்காது. இன்னொருவர் இன்னொரு பக்கம் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்.

நானும் அந்த ரகம்தான். ஏழு வயதில் திருச்சியை விட்டு வந்து டில்லியிலேயே வளர்ந்தவள். வழி கேட்டவரைத் தெரியாது என்று திருப்பி அனுப்புவது மரியாதை இல்லை என்று மனதார நம்பியவள். என் பேச்சைக் கேட்டு எத்தனை பேர் எந்த முட்டுச்சந்தில் போய் நின்றார்களோ, அவர்கள் எல்லோரும் என்னை மன்னிக்க வேண்டும்.

அதனால்தான் அவரை எனக்கு முதலில் பிடிக்கவில்லை.

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு 'மாலூம் நஹீன் சாஹப்' என்று பெயர். 'தெரியாது சார்' என்று தமிழில் வைத்துக்கொள்ளலாம். லோதி ரோடு பக்கம், யுத்த காலத்தில் அவசரமாகக் கட்டிய நீள நீளமான கொட்டகைகளில் இயங்கிய நிலப்பட அலுவலகம் அது. ஊருக்கெல்லாம் படம் போட்டுக் கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, வாயைத் திறந்தால் தெரியாது என்கிறாரே இந்த மனுஷர் என்று சிரிப்போம். பட்டப்பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. கோபம் வரவில்லையா என்று ஒரு நாள் கேட்டேன்.

"தெரியாததத்தானம்மா தெரியாதுங்கேன்? தெரிஞ்சத யாரு கேக்கா?" என்றார்.

திருநெல்வேலிக்காரர். ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லி. தீபாவளி கழிந்ததும் தலையில் ஏறும் மங்கி கேப் ஹோலிக்குத்தான் இறங்கும். சாயங்காலம் ஐந்தரைக்கு வெளியே வரும்போது இரண்டு கண்களைச் சுற்றியும் வட்டமாகச் சிவப்புத் தடம் இருக்கும். பகல் முழுவதும் போட்டோ பார்க்கும் மிஷினின் ரப்பர் வளையங்களில் கண்ணை அழுத்தி வைத்திருந்த தடம். பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் அது மறையாது. முதல் தடவை பார்க்கிறவர்கள் யாரிடமோ அடி வாங்கியிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஏஷியாட் விளையாட்டுக்காக ஊரையே தோண்டிப் போட்டிருந்த சமயம். ஒரு சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நானும் அவரும் நின்றிருந்தோம். எனக்கு மோதி பாக் பஸ், அவருக்குப் புசா ரோடு பக்கம் போகிற பஸ். தகரப்பெட்டியும் கூடையுமாக ஒரு தமிழ்க் குடும்பம் வந்தது. நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டதும் அவர்களுக்கு உயிர் வந்துவிட்டது. புசா ரோட்டுக்கு எப்படிப் போவது என்று அவரிடம் கேட்டார்கள்.

"தெரியாதுங்களே" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சார், நீங்க அங்கதானே இருக்கீங்க!"

"இருக்கேன். நேத்து சாயங்காலம் அங்கன ரோட்ட வெட்டிட்டான்லா? இன்னிக்கு பஸ்ஸ எந்தப் பக்கமா விடுதான்னு நான் பாக்கல. காலைல சுத்திக்கிட்டு வேற வழியால்லா வந்தேன்."

அந்த அம்மாளின் முகம் வாடிப்போனது. நான் உடனே கையை நீட்டி விலாவாரியாக வழி சொல்ல ஆரம்பித்தேன். அவர் குறுக்கிடவில்லை. ஆனால் அடுத்து வந்த பஸ்ஸில் அவர்களோடு ஏறிக்கொண்டார். பாதியில் பஸ்ஸைத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். அவர்களுடனேயே இறங்கி, பெட்டியில் ஒன்றைத் தானும் சுமந்து, விசாரித்து விசாரித்து நடந்து, வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டாராம். மறுநாள் மத்தியானம் அவராகவே என் மேஜைக்கு வந்தார். "இப்ப தெரியும்மா. யாராவது கேட்டா அனுப்புங்க, சொல்லுதேன்" என்றார். தெரியாது என்று சொல்லிவிட்டு அவர் சும்மா இருக்கிறவர் அல்ல என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. நல்ல பைத்தியம் என்றுதான் நினைத்தேன்.

அவருடைய மனைவிக்கும் ஏறக்குறைய அதே அபிப்பிராயம். ஒரு கொலுவுக்குப் போனபோது சுண்டலைக் கையில் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "கட்டிக்கிட்டு இருபத்தெட்டு வருஷமாச்சு. எங்க அக்கா மகளுக்கு ஒரு வரன் வந்துது. மாப்பிள்ளை வீடு எங்க தெருதான், இவுஹளுக்கு அடுத்தடுத்த வீடு. எப்படிப்பட்ட ஆளுஹன்னு எங்க அக்கா கடுதாசி போட்டு கேட்டா, இவுஹ என்ன பதில் போட்டாஹ தெரியுமா? 'வாசல் வரைக்கும் தெரியும், வீட்டுக்குள்ள தெரியாது.' எங்க அக்கா இன்னைக்கு வரைக்கும் இவுஹகூட முகம் குடுத்துப் பேச மாட்டாஹ."

"அந்தக் கல்யாணம் நடந்துதா மாமி?"

"நடந்துச்சு. நல்லாத்தான் இருக்காஹ" என்றார். அதையும் அவர் மேல் ஒரு குற்றமாகத்தான் சொன்னார்.

அவருடைய மிஷினைப் பற்றியும் சொல்ல வேண்டும். விமானத்திலிருந்து எடுத்த போட்டோக்களை இரண்டிரண்டாக அதில் பொருத்திக் கண்ணை வைத்தால் மலை மலையாகவே எழுந்து நிற்கும். நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெளிச்சப் புள்ளி. சக்கரங்களைத் திருகி அந்தப் புள்ளியைத் தரையில் பட்டும் படாமலும் ஓட்டிக்கொண்டே போக வேண்டும். பக்கத்து மேஜையில் விரித்த தாளில் பென்சில் தானாகக் கோடு போட்டுக்கொண்டே வரும். ஒரே உயரத்திலுள்ள இடங்களைச் சேர்த்துக்கொண்டு போகிற கோடு. காண்டூர் என்போம். கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் நடந்து போகலாம். அந்தப் பென்சில் கோடுகளின் நீல நகல் எங்களுக்கு வரும். அதன் மேல் மை போட்டு இழுப்பது டிராயிங் ஹாலில் எங்கள் வேலை.

மிஷின் கெட்டுப்போகாமல் இருக்க அந்த அறைக்கு மட்டும் ஏ.சி. உண்டு. ஜூன் மாதத்தில் எங்களுக்கெல்லாம் கோடுகளில் திடீர் திடீரென்று சந்தேகம் வரும். ஆளுக்கொரு தாளைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போய் நிற்போம். அவரும் எல்லாச் சந்தேகத்துக்கும் பொறுமையாக, வேர்வை அடங்கும் வரை பதில் சொல்லுவார்.

மிஷினுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். அடர்ந்த காட்டில் போட்டோவில் தரையே தெரியாது. புள்ளி மரங்களின் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அவர்கள் பாட்டுக்கு மரத் தலைகளின் மேல் காண்டூர் இழுத்துக்கொண்டு போவார்கள். பள்ளத்தில் ஈரம் அதிகம், அங்கே மரம் இன்னும் உயரமாக வளரும். அதனால் பள்ளம் நிரம்பி, மேலிருந்து பார்க்கச் சமதளம் போலவே இருக்கும். அவர் பின்னால் வந்து நின்று தன் திருநெல்வேலி ஹிந்தியில் கேட்பார்: "யே பேட் ஹை. மிட்டி கஹான் ஹை?" இது மரம், மண் எங்கே?

மண் எங்கே என்று தனக்கே தெரியாத இடத்தில் அவர் கோட்டை விட்டு விட்டுத்தான் போடுவார். விட்டு விட்டுப் போட்ட கோடு என்றால், உத்தேசம்தான், இதை நம்பாதே என்று அர்த்தம். அப்படிப்பட்ட கோட்டுக்கு மை போடுவது இருக்கிறதே, அது நரகம். நிப்பை வைக்க வேண்டும், எடுக்க வேண்டும், வைக்க வேண்டும், எடுக்க வேண்டும். எடுக்கிற ஒவ்வொரு தடவையும் மைத்துளி சொட்டுமோ என்று மூச்சைப் பிடிக்க வேண்டும். மற்றவர்களின் தாளை இரண்டு நாளில் முடிக்கலாம், அவருடைய தாளுக்கு ஐந்து நாளாகும். எங்கள் ஹாலில் என் பக்கத்து மேஜைக்காரி கமலேஷ், லூதியானாக்காரி, "இந்த மனுஷனுக்கு ஒண்ணுமே தெரியாது, அதுக்கு என் கை ஏன் ஒடியணும்?" என்று ஹிந்தியில் வைவாள்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவர் தெரியாது என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. மை போட்ட தாளைப் பார்த்தால் எந்தக் கோடு யார் கை என்று சொல்லிவிடுவார். ஒரு தடவை நாங்கள் பந்தயம் கட்டி, நான்கு பேரும் ஒரே தாளில் இங்கொன்றும் அங்கொன்றுமாக இழுத்து அவர் முன்னால் போட்டோம். லென்ஸை வைத்துக்கொண்டு விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். "இது கமலேஷ்ஜி. வளைவுல அவங்க கை கொஞ்சம் அவசரப்படும். இது நம்ம சர்தார்ஜி. இது நீங்கம்மா. கோட்டை முடிக்கிற இடத்துல நிப்ப ஒரு அழுத்து அழுத்துவீய, வாக்கியத்துக்குப் புள்ளி வச்ச மாதிரி." ஒன்றுகூடத் தப்பவில்லை. பந்தயத்தில் தோற்ற நாங்கள்தான் அன்றைக்கு எல்லோருக்கும் சமோசா வாங்கினோம்.

இனி அந்தத் தாளின் கதைக்கு வருகிறேன். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அந்தமானுக்கும் தெற்கே ஒரு தீவு. பெயர் வேண்டாம். கடற்கரைப் படங்களின் மேல் 'வெளியே காட்டக்கூடாது' என்று முத்திரை குத்துவார்கள், அந்தப் பயம் இன்னும் என்னை விடவில்லை. கடலிலிருந்து மலை நேராக எழுந்திருக்கும். கரை என்று சொல்லக் கொஞ்சம் மணல், அப்புறம் பாறை, அப்புறம் சூரியனே இறங்காத காடு. ஆள் நடமாட்டம் கிடையாது. போட்டோவை வைத்துப் போட்ட படத்தை அங்கே நேரில் போய்ச் சரிபார்க்க ஒரு குழு புறப்பட இருந்தது. மேற்குக் கரையில் இறங்கி, மலையைக் கடந்து, ஆறு நாளில் கிழக்குக் கரைக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே படகு காத்திருக்கும்.

அந்தக் குழுவில் என் தம்பி ரவி இருந்தான். எங்கள் அலுவலகத்திலேயே சர்வேயராகச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. டில்லியில் பிறந்தவன், தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். அப்பா ரிடையராகி அம்மாவோடு திருச்சிக்குத் திரும்பியபோது அவனை என் வீட்டில், என் பொறுப்பில் விட்டுவிட்டுப் போயிருந்தார். அவனுக்கு இதுதான் முதல் வெளி வேலை. கால் தரையில் பாவவில்லை.

மெட்ராஸிலிருந்து கப்பல் மாதத்துக்கு ஒன்றோ இரண்டோதான். அதைப் பிடிக்கச் சனிக்கிழமை சாயங்காலம் ரயிலேற வேண்டும். தாளோ செவ்வாய்க்கிழமைதான் எங்கள் ஹாலுக்கு வந்தது. சர்தார்ஜி, கமலேஷ், நான், இன்னொருவர் என்று நான்கு பேர் ஒரே தாளில் மாறி மாறி உட்கார்ந்து இழுத்தோம். யார் எந்த மூலை என்று எழுதி வைக்கக்கூட நேரமில்லை. சரிபார்க்க வேண்டியவர் மாலூம் நஹீன் சாஹப்தான். ஆனால் மனைவிக்குக் கண் ஆபரேஷன் என்று நான்கு நாள் லீவில் போயிருந்தார்.

தாளின் நடுவில், இரண்டு சிகரங்களுக்கு இடையில், உள்ளங்கை அளவுக்கு ஓர் இடத்தில் அவர் விட்டு விட்டுப் போட்டிருந்தார். லீவில் போவதற்கு முன் அதைக் காட்டி என்னிடம் சொல்லியும் இருந்தார்: "மேல ஓடை உள்ள போகுது பாருங்க. கீழ கடல்கிட்ட வெளிய வருது. நடுவுல எங்கனயோ தொபுக்குன்னு இறங்கணும். எங்கனன்னு தெரியல. மரம் மூடிட்டுது."

வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த இடம் என் முறைக்கு வந்தது. ரவி பின்னால் வந்து நின்றான்.

"அக்கா, ஜல்தி போடு. பிரிண்ட் எடுக்கணும். ஷிப்பு மிஸ் ஆயிட்டா என் சான்ஸே போச்சு."

"விட்டு விட்டுப் போடணும்டா. இன்னிக்கு முடியாது."

"அரே, சேத்துப் போடேன். யாரு பாக்கப்போறா?"

சேர்த்துப் போட்டேன். அவனை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. எனக்கும் கை வலித்தது. நிப் ஒரே ஓட்டமாக ஓடியபோது சுகமாகவும் இருந்தது. ஒன்றோடொன்று விலகி, அழகாக வளைந்து, நடந்து போகலாம் வா என்று கூப்பிடுகிற மாதிரி ஏழெட்டுக் கோடுகள். வேறொருவர் அவசரமாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கே பிரிண்ட் எடுத்தார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் பூரியும் உருளைக்கிழங்கும் கட்டி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். வண்டி புறப்படக் கால் மணி இருக்கும்போது, பிளாட்பாரக் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஒரு மங்கி கேப் ஓடி வந்தது. அவர்தான். யாரையும் ரயிலேற்றிவிட வருகிறவர் அல்ல. மூச்சு வாங்க, குழுத் தலைவரான கட்வாலிக்காரரை ஓரமாகக் கூப்பிட்டார். தலைவர் சுருட்டி வைத்திருந்த பிரிண்டை வாங்கி ஒரு டிரங்குப் பெட்டியின் மேல் விரித்து ஏதோ பேசினார். கிட்டே போய்க் கேட்கத் தைரியமில்லை. வண்டி நகர்ந்த பிறகுதான் அவர் என் பக்கம் திரும்பினார்.

"பூரியா கட்டிக் குடுத்தீய? வாசன வந்துது" என்றார். அவ்வளவுதான்.

தெரிந்துவிட்டதா, தெரியவில்லையா? அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் மண்டையைக் குடைந்துகொண்டேன். அவரே கேட்கட்டும், ஒப்புக்கொண்டுவிடலாம் என்று திங்கட்கிழமை தயாராகப் போனேன். அவர் கேட்கவில்லை. ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. கப்பல் சேர்ந்துவிட்டதாகத் தந்தி வந்தது. பிறகு, மேற்குக் கரையில் இறங்கிவிட்டார்கள், மலையேறப் போகிறார்கள் என்று வயர்லெஸ் செய்தி வந்தது. அடுத்த செய்தி கிழக்குக் கரையிலிருந்து ஆறாம் நாள் வர வேண்டும்.

ஆறாம் நாள் வரவில்லை. ஏழாம் நாளும் வரவில்லை.

குளிர்காலத்தில் எங்கள் அலுவலகத்துப் பெண்கள் மத்தியானம் புல்வெளியில் வெயிலில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவோம். ரவிக்காக நான் பின்ன ஆரம்பித்திருந்த ஸ்வெட்டரில் கை மட்டும் பாக்கி. ஊசியைப் பிடிக்க முடியவில்லை. "குச் நஹீன் ஹோகா, ஆ ஜாயேங்கே" என்றாள் கமலேஷ். ஒன்றும் ஆகாது, வந்துவிடுவார்கள். சர்தார்ஜி அதையே சொன்னார். டீ கொண்டுவருகிறவரும் சொன்னார். என் வீட்டுக்காரர் காலையும் மாலையும் சொன்னார். எல்லோரும் கையை நீட்டி நேரே போ, எதிரிலேயே இருக்கிறது என்று சொல்கிற மாதிரியே எனக்குக் கேட்டது. வாழ்நாளெல்லாம் நானும் இப்படித்தானே சொல்லியிருக்கிறேன் என்று நினைத்தபோது அழுகை வந்தது.

ஒன்பதாம் நாள் மிஷின் அறைக்குப் போனேன்.

"சார், ரவி திரும்பி வந்துடுவானா?"

கண்ணை ரப்பர் வளையத்திலிருந்து எடுத்தார். என்னைப் பார்த்தார். "தெரியாதும்மா" என்றார்.

அந்த நிமிஷம் அவரை அடித்திருப்பேன். அவர் எழுந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார். ஒரு பழைய போட்டோவைத் திருப்பி, பின்பக்கத்தில் பென்சிலால் எழுத ஆரம்பித்தார்.

"தெரிஞ்சத சொல்லுதேன், கேளுங்க. அரிசி, பருப்பு இருவது நாளைக்கு எடுத்துட்டுப் போயிருக்காங்க. நான்தான் லிஸ்டு பாத்தேன். தண்ணிக்குப் பஞ்சமில்ல, எல்லாப் பக்கமும் ஓடை. கட்வாலிக்காரரு மலையில பொறந்தவரு, அவசரப்படுத ஆளு இல்ல. மலையக் கடக்க முடியலன்னா திரும்பிக் கரைக்கே வந்துரணும்னு நான் சொல்லியிருக்கேன். கரையோரமா சுத்திப் போனா, பாறையில ஏறி இறங்கணும், கூட அஞ்சாறு நாளு ஆகும். வயர்லெஸ் பெட்டி படகுல இருக்கு, படகு கிழக்குக் கரையில நிக்கி, அங்க போய்ச் சேருத வரைக்கும் சேதி வராது. இவ்வளவு தெரியும். மிச்சம் தெரியாது."

ஐந்தே வரி எழுதியிருந்தார். அதை என்னிடம் கொடுத்தார். ஒன்பது நாளில் அன்றைக்குத்தான் எனக்கு ஒரு வாய் சோறு இறங்கியது.

எழுந்து வாசல் வரை வந்து திரும்பினேன். சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. "சார், அந்தத் தாள்ல..." என்று ஆரம்பித்தேன்.

அவர் அதற்குள் கண்ணை மிஷினில் வைத்துவிட்டார். "இப்ப புள்ளி தரையில நிக்கிம்மா. எடுத்தா போயிரும். பொறவு பேசுவோம்" என்றார்.

பதினோராம் நாள் பகல் சாப்பாட்டு வேளையில் படகிலிருந்து வயர்லெஸ் செய்தி வந்தது. எல்லோரும் நலம், கரையோரமாகச் சுற்றி வந்து சேர்ந்துவிட்டோம். டைரக்டரின் அறையிலிருந்து பியூன் ஓடி வந்து சொன்னபோது நான் புல்வெளியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கமலேஷ் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த நிம்மதியை எப்படிச் சொல்வது? பதினோரு நாளாகத் தலையில் சுமந்த மூட்டையை யாரோ வந்து இறக்கி வைத்தார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸில் தெரியாதவர்களைப் பார்த்தெல்லாம் சிரித்தேன்.

நிம்மதி இரண்டு வாரம் நீடித்தது. குழுத் தலைவரின் அறிக்கை வந்தது. டைரக்டர் டிராயிங் ஹாலுக்கே வந்து, தாளில் மை போட்ட எங்கள் நான்கு பேரையும் நிற்க வைத்துக்கொண்டு அதைப் படித்தார். தாளில் சாய்வாகக் காட்டியிருந்த இடத்தில் உண்மையில் மரங்களுக்கு அடியில் செங்குத்தான பெரும் பள்ளம். ஐந்து மாடி ஆழம் இருக்கும். புதர் மூடியிருந்ததால் விளிம்புக்குப் போகும் வரை தெரியாது. டில்லி ஸ்டேஷனில் தாளின் மேல் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, 'மாலூம் நஹீன்' என்று ஹிந்தியில் எழுதித் தந்திருந்தார்கள். அதனால் ஆளுக்கு ஆள் கயிறு கட்டிக்கொண்டு அடி அடியாக வைத்துப் போனோம். முன்னால் போன இளம் சர்வேயரின் கால் சறுக்கியபோது கயிறு தாங்கியது. அங்கிருந்தே திரும்பிக் கரைக்கு வந்தோம் என்று எழுதியிருந்தார்.

அந்தக் குழுவில் இளம் சர்வேயர் என்றால் ரவி ஒருவன்தான்.

டைரக்டர் அந்தத் தாளை விரித்தார். பென்சில் மூலத்தில் கோடு விட்டு விட்டு இருக்கிறது, மையில் சேர்ந்திருக்கிறது, சேர்த்தது யார் என்று கேட்டார். வேலை போகும், அல்லது எழுத்து மூலம் தண்டனை வரும் என்பது அவர் குரலிலேயே தெரிந்தது. கமலேஷ் தாளை எட்டிப் பார்த்தாள். பாவம், தானாக இருக்குமோ என்று அவளுக்கே சந்தேகம். தம்பியைக் கொல்லப் பார்த்தவள் நான்தான் என்று எந்த மொழியில் சொல்வது?

"அவரைக் கூப்பிடுங்கள்" என்றார் டைரக்டர். யார் கை என்று அவருக்குத் தெரியும் என்பது டைரக்டர் வரைக்கும் தெரிந்த விஷயம்.

அவர் வந்தார். லென்ஸை எடுத்தார். தாளின் மேல் குனிந்தார். அந்த ஏழெட்டுக் கோடுகளையும் ஒவ்வொன்றாக, நிதானமாகப் பார்த்தார். ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் நிப்பை அழுத்தி வைத்த புள்ளி, எனக்கே நின்ற இடத்திலிருந்து பளிச்சென்று தெரிந்தது. லென்ஸை மூடிச் சட்டைப்பையில் போட்டார்.

"மாலூம் நஹீன், சார்" என்றார்.

டைரக்டர் அவரையே ஒரு நிமிஷம் பார்த்தார். பெருமூச்சு விட்டார். இவர் தெரியாது என்றால் தெரியாதுதான், அதற்கு மேல் யாரைக் கேட்பது? இனிமேல் யார் எந்த மூலை என்று தாளின் ஓரத்தில் பெயர் எழுத வேண்டும் என்று ஓர் உத்தரவு போட்டுவிட்டுப் போனார். மத்தியானம் மிஷின் அறையிலிருந்து அவர் புது நீல நகல் ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். பக்கத்தில் ஒரு புது நிப். "அந்த எடத்த மறுபடி போடணும்மா. விட்டு விட்டு. அவசரமில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். குனிந்துகொண்டே ஐந்தரை வரை போட்டேன். மை சொட்டவில்லை, கண்ணீர் சொட்டிவிடுமோ என்றுதான் பயமாக இருந்தது.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். கண்ணைச் சுற்றி வழக்கமான சிவப்பு வட்டங்கள். கையில் மூட்டையோடு ஒரு பிஹார்க்காரர் வந்து மோதி பாக்குக்கு எந்த பஸ் என்று அவரிடம் கேட்டார்.

"மாலூம் நஹீன் ஜி" என்றவர், என் பக்கம் கை காட்டினார்.

அந்த ஆள் என்னைப் பார்த்தார். என் தலைக்குள் பகல் முழுவதும் ஒரே வார்த்தைதான் ஓடிக்கொண்டிருந்தது. வாயில் வந்ததும் அதுதான். "மாலூம் நஹீன்" என்றேன்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "என்னம்மா இது! நீங்க அங்கதான இருக்கீய? தெரிஞ்சத தெரியாதுன்னு சொல்லலாமா?"

"நீங்க இன்னிக்குக் காலைல சொன்னீங்களே சார்" என்றேன்.

அவர் மங்கி கேப்பைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். தோண்டிப் போட்ட ரோட்டைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு மூட்டைக்காரரின் தோளைத் தட்டி, ஹிந்தியில் என்னைக் காட்டிச் சொன்னார்.

"இந்த அம்மாகூடப் போங்க. இவங்களுக்கு வழி தெரியும்."